மறக்கும் சர்வர், மறக்காத சர்வர்

2014 ஜனவரி 27. 'ஈவ் ஆன்லைன்' என்னும் விண்வெளி ஆட்டத்தில், பி-ஆர்5ஆர்பி என்ற சூரிய மண்டலத்தைக் கையில் வைத்திருந்த கூட்டணி அதற்குரிய பராமரிப்புக் கட்டணம் கட்டத் தவறிவிட்டது. உரிமை பறிபோன செய்தி பரவியதும் எதிரணி படையோடு வந்து இறங்கியது. ஏறக்குறைய 21 மணி நேரம் நீண்ட அந்தச் சண்டையில் 7,548 பாத்திரங்கள் கலந்துகொண்டன. உச்சகட்டத்தில் அந்த ஒரே இடத்தில் 2,670 பேர் குவிந்திருந்தார்கள். 'டைட்டன்' எனப்படும் ராட்சதக் கப்பல்கள் 75 நொறுங்கின. உண்மைப் பணத்தில் கணக்குப் பார்த்தால் சேதம் சுமார் 3 லட்சம் டாலர்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் நடத்தும் இந்த ஆட்டத்தில், ஒரு சூரிய மண்டலத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரல்தான் கவனித்துக்கொள்ளும். யார் எங்கே நிற்கிறார், யார் யாரைச் சுட்டார், எந்தக் கப்பலில் எவ்வளவு கவசம் மிச்சம் என்பதெல்லாம் அந்த ஒரு நிரலின் நினைவில் இருக்கும். பக்கத்துக் கணினி சும்மா கிடந்தாலும் பாதி வேலையை அதனிடம் தள்ளிவிட முடியாது. அதனால் சிசிபி ஒரு விசித்திரமான ஏற்பாட்டை முன்பே செய்து வைத்திருந்தது. கூட்டம் தாங்காமல் போனால் ஆட்டத்துக்குள் காலமே மெதுவாக ஓடும். பி-ஆர்5ஆர்பியில் காலம் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியது. ஒரு விநாடியில் பாய வேண்டிய குண்டு பத்து விநாடி எடுத்துக்கொண்டது. சர்வர் விழவில்லை.

அடுத்த ஆண்டு இந்திய ரயில்வேயும் கடிகாரத்தில்தான் கை வைத்தது. தட்கல் டிக்கெட்டுக்கு எல்லாரும் காலை 10 மணிக்கு ஒரே நேரத்தில் மோதியதால் ஐஆர்சிடிசி தளம் திணறிக்கொண்டிருந்தது. 2015 ஜூனில் ஏசி வகுப்புக்கு 10 மணி, ஏசி அல்லாத வகுப்புகளுக்கு 11 மணி என்று நேரத்தைப் பிரித்தார்கள். மென்பொருளைத் தொடாமல் கூட்டத்தை இரண்டாக்கிய இந்த யோசனை, பெரிய பெரிய பொறியியல் தீர்வுகளுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இரண்டு இடத்திலும் வியாதி ஒன்றுதான். உள்ளே இருக்கும் இயந்திரங்களோ ஒன்றுக்கொன்று ஜென்ம விரோதிகள்.

கைபேசியிலோ பிரவுசரிலோ நாம் தட்டும் பட்டனுக்கும், கடைசியில் தகவல் போய்ச் சேரும் டேட்டாபேஸுக்கும் நடுவே உட்கார்ந்து முடிவெடுக்கும் மென்பொருளை அப்ளிகேஷன் சர்வர் என்கிறார்கள். இந்தப் பெயர் ஊருக்குத் தெரிய வந்தது 1990களின் கடைசியில். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் லாகின், டேட்டாபேஸ் இணைப்பு, ஒரே நேரத்தில் வரும் நூறு பேரைச் சமாளிக்கும் வித்தை எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டிருந்தது. தன் ஜாவா மொழியில் எழுதுவோருக்காக சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999 டிசம்பரில் வெளியிட்ட ஜே2ஈஈ இந்தப் பொது வேலைகளுக்கெல்லாம் ஒரு பொது இலக்கணம் வகுத்தது. வியாபார விதியை மட்டும் புரோகிராமர் எழுதினால் போதும், மற்றதை சர்வர் பார்த்துக்கொள்ளும். பிஇஏவின் வெப்லாஜிக், ஐபிஎம்மின் வெப்ஸ்பியர், இலவசமாகக் கிடைத்த ஜேபாஸ் எல்லாம் இந்த இலக்கணத்துக்கு உட்பட்டவை.

அந்த 'மற்றதில்' தலையானது பரிவர்த்தனை. திருநெல்வேலியில் அப்பாவின் கணக்கிலிருந்து சென்னையில் படிக்கும் மகளின் கணக்குக்கு 5,000 ரூபாய் போகிறது. ஒரு பக்கம் கழித்தாயிற்று, மறுபக்கம் கூட்டுவதற்குள் இயந்திரம் நின்றுவிட்டது என்றால் அந்தப் பணம் எங்கே? இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. அதற்கு உத்தரவாதம் தருவதுதான் வியாபார சர்வரின் பிறவிப் பயன். அது இரண்டு விநாடி தாமதித்தாலும் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியே தெரியாத இன்னொரு குணமும் இந்த வகை சர்வருக்கு உண்டு. ஒரு வேலையை முடித்த கையோடு அது உங்களை மறந்துவிடும். வங்கியில் டோக்கன் வாங்கியவர் எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும் வேலை நடப்பதைப் போல, உங்கள் அடுத்த கோரிக்கை இருபது கணினிகளில் எதற்குப் போனாலும் சரிதான். கணக்குப் புத்தகம் பின்னால் டேட்டாபேஸில் இருக்கிறது. ஏழாவது கணினி எரிந்துபோனால் எட்டாவது பார்த்துக்கொள்ளும். தீபாவளி விற்பனைக்குப் பத்துக் கணினிகளைச் சேர்க்கலாம், பொங்கல் கழிந்ததும் எடுத்துவிடலாம். இணைய வணிகம் இவ்வளவு பெரிதானதற்கு இந்த மறதிதான் முதல் காரணம் என்றால் மிகையில்லை.

ஆனால் நெரிசல் எங்கும் போய்விடவில்லை, ஒரு படி பின்னால் நகர்ந்திருக்கிறது. ஐஆர்சிடிசி என்பது முகப்புதான். இருக்கைகளின் கையிருப்பு ரயில்வேயின் பழைய முன்பதிவு அமைப்பில் இருக்கிறது. அதன் ஐந்து மையங்களில் ஒன்று சென்னை. முகப்பில் எத்தனை கணினிகளை அடுக்கினாலும், ஒரு கீழ்ப் படுக்கையை இரண்டு பேர் ஒரே கணத்தில் கேட்டால் ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். 2014இல் வந்த புதிய தளம் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த கொள்ளளவை 7,200க்கு உயர்த்தியது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவாகிச் சாதனை ஆனது. அப்படியும் தட்கலில் இடம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் சர்வரைத் திட்டிப் பயனில்லை. பெட்டிகள் அத்தனைதான்.

ஜே2ஈஈயின் பெருமை வெகுகாலம் நீடிக்கவில்லை. பத்து வரி வேலைக்கு நூறு வரி அமைப்புக் கோப்பு எழுத வைத்தது அது. ராட் ஜான்சன் என்பவர் 2002இல் எழுதிய புத்தகத்தில், இந்தப் பாரம் எதுவும் இல்லாமலே அதே வேலையைச் செய்யலாம் என்று நிரலோடு நிரூபித்தார். அதிலிருந்து பிறந்தது ஸ்பிரிங். டாம்கேட் என்ற சிறிய இலவச சர்வரோடு அது சேர்ந்ததும், செயலிக்கூறு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை போட்டிருந்த வெப்லாஜிக் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 2014இல் வந்த ஸ்பிரிங் பூட், சர்வரையே நிரலுக்குள் பொதிந்து கொடுத்துவிட்டது. பிஇஏவை 850 கோடி டாலருக்கு 2008இல் வாங்கிய ஆரக்கிள் இன்னும் வெப்லாஜிக்கை விற்கிறது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அரிது.

இனி ஆட்டத்தின் பக்கம் வருவோம்.

ரயட் கேம்ஸின் 'வாலரன்ட்' ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி ஆட்டம். 2020 ஜூனில் வெளியானது. அதன் சர்வர் விநாடிக்கு 128 முறை மொத்தக் களத்தையும் புதிதாகக் கணக்கிடுகிறது. ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 7.8 மில்லி விநாடி. அதையும் முழுதாகச் செலவழிக்க முடியாது. ஒரு கணினி மையக்கூறில் ஒரே ஆட்டம்தான் ஓடும் என்றால் செலவு கட்டுப்படியாகாது, குறைந்தது மூன்று ஓட வேண்டும். இயங்குதளம் எடுத்துக்கொள்ளும் பங்கையும் கழித்துவிட்டு ரயட் பொறியாளர்கள் வைத்துக்கொண்ட இலக்கு 2.34 மில்லி விநாடி.

அதை எட்ட அவர்கள் பிடித்த கஞ்சத்தனம் ரசிக்கத்தக்கது. குண்டு தலையில் பட்டதா தோளில் பட்டதா என்று தீர்மானிக்க, ஓடும் வீரனின் கை கால் எந்த நிலையில் இருக்கிறது என்று சர்வருக்கும் தெரிந்தாக வேண்டும். அந்த அசைவை ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிடாமல் நான்கு சுற்றுக்கு ஒரு முறை கணக்கிட்டு, இடைப்பட்டதை உத்தேசித்துக்கொண்டார்கள். ஆட்டக்காரர்கள் ஆயுதம் வாங்கும் நேரத்தில் யாரும் யாரையும் சுட முடியாது என்பதால் அப்போது அசைவுக் கணக்கையே நிறுத்திவிட்டார்கள். இப்படிச் சேமித்துச் சேமித்து, 36 மையக்கூறு கொண்ட ஒரு கணினியில் 108 ஆட்டங்களை, அதாவது 1,080 பேரை உட்கார வைத்தார்கள். அந்தக் கணினி விழுந்தால் 1,080 பேரின் ஆட்டமும் காற்றோடு போகும். எட்டாவது கணினி வந்து ஏந்திக்கொள்ளும் கதை இங்கே இல்லை. ஒவ்வொரு குண்டையும் டேட்டாபேஸில் எழுதி வைக்க 2.34 மில்லி விநாடியில் இடம் ஏது?

இவ்வளவு நெருக்கடியில் ஜாவாவுக்குக் கதவு ஏறக்குறைய மூடப்படுகிறது. பயன்படுத்தி முடித்த நினைவகத்தை ஜாவா அவ்வப்போது தானே கூட்டிப் பெருக்கும். பழைய பதிப்புகளில் அந்த நேரம் எல்லா வேலையும் ஒரு கணம் நிற்கும். 50 மில்லி விநாடி நின்றால் வங்கியில் யாருக்கும் தெரியாது, வாலரன்டில் ஆறு சுற்று பறிபோயிருக்கும். அதனால் இத்தகைய ஆட்டக் களங்கள் பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்படுகின்றன. ஜாவாவில் ஆட்ட சர்வரே கிடையாது என்று இதற்குப் பொருளில்லை. 'மைன்கிராஃப்ட்' ஜாவா பதிப்பின் சர்வர் விநாடிக்கு 20 முறை மட்டும் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு 50 மில்லி விநாடி. கட்டடம் கட்டும் ஆட்டத்துக்கு அது தாராளம். வீட்டுக் கணினியில் நண்பர்களுக்காக அதை ஓடவிட்ட பிள்ளைகளுக்கு, என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அது திரையில் முனகும் வரி நன்றாகப் பழக்கப்பட்டிருக்கும்.

வியாபார சர்வரின் உத்தரவாதங்களை ஆட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஆய்வகமே ஒரு முறை முயன்று பார்த்தது. பெயர் 'புராஜெக்ட் டார்க்ஸ்டார்'. எழுதுகிறவர் ஒரே ஆளுக்காக எழுதுவதைப் போல எளிமையாக எழுதட்டும், ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுப்பதை சர்வர் பார்த்துக்கொள்ளும் என்பது யோசனை. ஒவ்வொரு செயலும் ஒரு சின்னப் பரிவர்த்தனை. குறித்த சில மில்லி விநாடிக்குள் முடியாவிட்டால் ரத்து, மறுபடி முயற்சி. வங்கியின் ஒழுக்கத்தை வாள்சண்டைக்குப் பழக்கும் இந்தத் திட்டத்துக்குத் தலைமை வகித்த ஜிம் வால்டோ, இரண்டு உலகத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்திருந்தார். வியாபாரத்தில் படிப்பது அதிகம், எழுதுவது குறைவு. ஆட்டத்தில் எழுதுவதும் மிக அதிகம். வியாபார சர்வர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கவனித்தோம் என்று பார்க்கிறது. ஆட்ட சர்வர் இந்த ஒருவர் எவ்வளவு காத்திருந்தார் என்று பார்க்கிறது. திட்டம் பழுப்பதற்குள் 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிள் கைக்குப் போனது. டார்க்ஸ்டார் அத்தோடு கைவிடப்பட்டது. ஆர்வலர்கள் 'ரெட்டுவார்ஃப்' என்ற பெயரில் சிறிது காலம் இழுத்துப் பார்த்தார்கள்.

அதே கனவு வேறு இடத்தில் பலித்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவான 'ஆர்லியன்ஸ்', 2012 நவம்பரில் வெளியான 'ஹேலோ 4' ஆட்டத்தின் பின்னணிச் சேவைகளைத் தாங்கியது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும், நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சர்வருக்குள் ஒரு சிறு உயிர் இருப்பதாக வைத்துக்கொள்கிறது ஆர்லியன்ஸ். யாராவது கூப்பிட்டால் அது ஏதோ ஒரு கணினியில் விழித்துக்கொள்ளும். வேலை இல்லாவிட்டால் உறங்கிவிடும். அந்தக் கணினி செத்தால் வேறொன்றில் எழும். எந்தக் கணினி என்ற கவலை புரோகிராமருக்கு இல்லை. கவனிக்க வேண்டியது, துப்பாக்கிச் சண்டையை ஆர்லியன்ஸிடம் ஒப்படைக்கவில்லை. மதிப்பெண், புள்ளிவிவரம், யார் யாரோடு ஆடுகிறார் என்பன போன்ற நிதானமான நினைவுகளைத்தான் ஒப்படைத்தார்கள். 2015இல் அதன் மூலநிரல் பொதுவெளிக்கு வந்தது.

இதற்கெல்லாம் கால் நூற்றாண்டுக்கு முன்பே சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக ஒரு மொழி பிறந்தது. ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் 1986இல் தொடங்கிய எர்லாங். ஒரு அழைப்பு அறுந்தால் மற்ற அழைப்புகள் அறுபடக் கூடாது. ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு நிரல். ஒன்று விழுந்தால் மேற்பார்வை நிரல் அதை மட்டும் எழுப்பிவிடும். ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டினோம் என்று வாட்ஸ்அப் 2012இல் அறிவித்தது இந்த எர்லாங்கின் பலத்தில்தான். 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' ஆட்டத்தின் அரட்டைச் சேவையும் எர்லாங்கில் ஓடியது. ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டின் அரட்டைச் சேவை, எர்லாங்கின் இளைய உறவான எலிக்சிரில் எழுதப்பட்டது. 2017இல் அதில் ஒரே நேரத்தில் 50 லட்சம் பேர் இருந்தார்கள்.

ஆக, வியாபாரம் ஒரு கட்சி, விளையாட்டு ஒரு கட்சி என்று பிரித்தால் கணக்கு உதைக்கிறது. 'போக்கேமான் கோ'வைப் பாருங்கள். 2016 ஜூலையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெளிவந்த 15 நிமிடத்திலேயே எதிர்பார்ப்பைத் தாண்டியது. கடைசியில் திட்டமிட்ட அளவைப்போல 50 மடங்கு போக்குவரத்து வந்தது. ரொம்ப மோசமாகப் போனால் இவ்வளவு என்று போட்டு வைத்திருந்த மதிப்பீடே 5 மடங்குதான். முதல் நாள்களில் தடுமாறினாலும் ஆட்டம் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், அது விளையாட்டு வேடம் போட்ட வியாபார சர்வர் என்பதே. தெருவில் நடந்துபோய் பொம்மையைப் பிடிப்பவருக்கு 8 மில்லி விநாடி அவசரம் கிடையாது. நினைவெல்லாம் கூகுளின் டேட்டாபேஸில் இருந்தது. நடுவில் இருந்த கணினிகள் மறதிக்காரர்கள், ஆகவே கேட்கக் கேட்க ஆயிரக்கணக்கில் சேர்க்க முடிந்தது. கற்பனைக் கிரிக்கெட் அணி கட்டும் ஆட்டங்களும் இதே ரகம். டாஸ் போட்டதும் கடைசி நிமிடத்தில் லட்சக்கணக்கானோர் அணியை மாற்றப் பாய்கிறார்கள். அது களம் அல்ல, இன்னொரு தட்கல்.

எதிர்ப்பக்கம், முழுக்க முழுக்க ஆட்டமாகவே இருந்தாலும் காசு புழங்கும் இடத்தில் வங்கியின் ஒழுக்கம் வேண்டும். பிளிசார்டின் 'டயாப்லோ 3'இல் ஆட்டப் பொருள்களை உண்மைப் பணத்துக்கு ஏலம் விடும் சந்தை இருந்தது. 2013 மே மாதம் ஒரு புதுப்பிப்பில், ஏலத்துக்கு வைக்கும் தங்கத்தின் கட்டு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தப்பட்டது. பெரிய தொகையை ஏலத்தில் போட்டுவிட்டு ரத்து செய்தால் போட்டதைவிட அதிகத் தங்கம் திரும்பி வருவதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். சில மணி நேரத்தில் சந்தையை இழுத்து மூட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஏலச் சந்தையே நிரந்தரமாகப் போனது. சண்டைக் களத்தில் ஒரு குண்டு தப்பினால் சலிப்போடு முடியும். கஜானாவில் ஒரு கூட்டல் தப்பினால் பொருளாதாரமே நாறிவிடும். இன்று பெரிய ஆட்டங்கள் இரண்டு இயந்திரங்களையும் ஒட்டவைத்தே ஓடுகின்றன. சண்டைக்கு மறக்காத சி++ சர்வர்; பை, பணம், நண்பர் பட்டியலுக்கு மறக்கும் சர்வர். 2018 பிப்ரவரியில் 34 லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தபோது 'ஃபோர்ட்நைட்' தடுக்கி விழுந்ததும் சண்டைக் களத்தில் அல்ல, கணக்கு விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பின்கட்டில்தான்.

கோவையில் ஒரு பம்ப் உற்பத்தியாளர் தம் விற்பனை, இருப்புக் கணக்குக்கு மென்பொருள் எழுதச் சொன்னால் பதில் சுலபம். ஸ்பிரிங் பூட், ஜாங்கோ, லாராவெல், டாட்நெட் எதுவானாலும் தேறும். உள்ளூரில் எந்த மொழிக்கு ஆள் கிடைக்கிறது என்பதைப் பார்ப்பதே உத்தமம். சென்னையில் 2010இல் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க், ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டு உலக நிறுவனமாக வளர்ந்தது. வேகமான மொழி அல்ல என்ற பழி ரூபிக்கு உண்டு. வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுதும் வேலைக்கு அந்தப் பழி பொருட்டில்லை.

நான்கு பேர் சேர்ந்து ஆட்டம் தயாரிக்கிறார்கள் என்றால் முதலில் கேட்க வேண்டியது தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி விநாடி, அதாவது வாலரன்டின் நான்கு சுற்று, ஒளிக்கே ஆகிவிடுகிறது. சர்வரை எவ்வளவு திறமையாக எழுதினாலும் இந்த நேரத்தை மீட்க முடியாது. வாலரன்டுக்கு மும்பையில் சர்வர் வைத்திருப்பது இதற்காகத்தான். சீட்டாட்டமோ சதுரங்கமோ என்றால் சிங்கப்பூரில் இருந்தாலும் குடி முழுகாது, நோட்.ஜேஎஸ்ஸில் எழுதிய சிறு சர்வரே போதும்.

அடுத்தது, வாடகைக்குப் போவதா சொந்தமாகக் கட்டுவதா என்பது. ஃபோட்டான், பிளேஃபேப் போன்ற சேவைகள் லாகின், தரவரிசை, ஆட்டக்காரர்களைச் சேர்த்துவிடுவது எல்லாவற்றையும் ஆயத்தமாகத் தருகின்றன. சிறு குழுவுக்கு இது வரப்பிரசாதம். வீட்டுக்காரர் கடையை மூடினால்தான் தொல்லை. அமேசான் வாங்கிய கேம்ஸ்பார்க்ஸின் பழைய சேவை 2022இல் நிறுத்தப்பட்டபோது அதன்மேல் ஆட்டம் கட்டியிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

வியாபார உலகத்தில் ஜாவா இலக்கணம் இந்தத் தொல்லைக்குப் பாதி மருந்தாக இருந்தது. வெப்லாஜிக் பிடிக்காவிட்டால் ஜேபாஸுக்கு மாறலாம். அங்கும் வில்லங்கம் வராமல் இல்லை. 2017இல் ஆரக்கிள் அந்த இலக்கணத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது, 'ஜாவா' என்ற பெயரின் மீதான வணிக உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே 2020இல் அந்த இலக்கணத்தில் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய நிரல் பெயர்கள் எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறின. ஒரு தர்க்கமும் மாறாமல், பெயருக்காக மட்டும் உலகெங்கும் பழைய நிரல்களில் வரிவரியாகத் திருத்தினார்கள். டாம்கேட் 10, ஸ்பிரிங் பூட் 3 இரண்டும் புதுப் பெயருக்குத் தாவிவிட்டதால் தப்பிக்க வழியும் இல்லை.

ஆட்ட சர்வர்களுக்கு இப்படி ஒரு பொது இலக்கணம் இதுவரை உருவாகவில்லை. நக்காமா, கொலிசியஸ், கூகுளும் யுபிசாஃப்டும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட அகோனஸ் போன்ற திறந்த மூலநிரல் கருவிகளை விவரமறிந்தவர்கள் தேடிப் போவது, யார் கடையை மூடினாலும் நிரல் கையில் இருக்கும் என்பதற்காக. அதே யுபிசாஃப்ட், 'தி க்ரூ' என்ற தன்னுடைய கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வரை 2024இல் அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக உட்கார்ந்து ஆடக்கூட வழியில்லாமல் போனது, ஏனென்றால் ஆட்டத்தின் நினைவு சர்வரில்தான் இருந்தது. அதை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ரசிகர்கள் சிலர் மனுவோடு நிற்கவில்லை. சர்வர் என்னென்ன பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்பதைத் துருவி ஆராய்ந்து, தாங்களே ஒரு மாற்று சர்வரை எழுதி அதே ஆண்டு ஓடவிட்டார்கள்.